பின் சுவரில் சாய்த்திருந்த மம்மட்டி

பாபு, நேற்று நீ போன் செய்தபோது அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் கொதிக்கவில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். சொல்ல ஆரம்பித்தாலும் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய், ஆபீஸிலிருந்து இன்னொரு போன் வரும், போய்விடுவாய். அதனால்தான் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையெழுத்து முன்போல இல்லை. பொறுமையாகப் படி.

நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "தோட்டம் போடலாம்னு சொன்னவளே கல்பனாதாம்மா. மம்மட்டி கொண்டாந்து கையில குடுத்தா தொடமாட்டேன்றா. நாளெல்லாம் பின்வாசப்படில உக்காந்துனு மண்ணையே பாத்துனு இருக்கா. பேச்சும் கொறஞ்சு போச்சு. நீ ஒரு மாசம் வந்து ஆரம்பிச்சுக் குடேன். உன்னைப் பாத்தா அவளும் கைய வெப்பா. இல்லன்னா குடியாத்தத்துல அவ அக்கா வீட்டுக்குக் கொஞ்ச நாள் அனுப்பலாம்னு பாக்கறேன்." இதைச் சொல்லும்போது உன் குரல் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. பயந்து போயிருக்கிறாய். பெண்டாட்டி கைவிட்டுப் போய்விடுவாளோ என்று பயப்படுகிறவன் பேசுகிற பேச்சு அது.

நான் வரவில்லை பாபு. கோபித்துக்கொள்ளாதே. நீ பிறந்ததிலிருந்து கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தவள்தான் நான். இப்போது முடியவில்லை. ஷூ கம்பெனி தையல் மெஷினில் குனிந்து குனிந்து கழுத்தும் தோளும் போய்விட்டன, மீதி இருந்ததை நம் கழனி வாங்கிக்கொண்டது. காலையில் எழுந்து காலைத் தரையில் ஊன்றும்போதே ஐயோ என்று இருக்கிறது, இன்னும் பல்கூடத் துலக்கியிருக்க மாட்டேன். ஆனால் உடம்பு மட்டும் காரணம் இல்லை. நான் வந்து கொத்தினால் அந்தத் தோட்டம் என்னுடையதாகத்தான் இருக்கும். கல்பனா காபி போட்டுக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு மறுபடியும் படியில் உட்கார்ந்துகொள்வாள். அதற்கு நான் எதற்கு?

வராததற்குப் பதிலாக உனக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, அந்த மண்ணுக்கு என்ன சாமான் வாங்க வேண்டும், எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பது. இன்னொன்று, நீ கொடுத்த மம்மட்டியை அவள் ஏன் தொடவில்லை என்பது. இரண்டாவதைச் சொல்வது கஷ்டம். அதனால் முதலாவதை முதலில் சொல்கிறேன். நடுவில் தாண்டிப் போய்ப் படிக்காதே. அதுவும் இதுவும் ஒன்றோடொன்று ஒட்டியதுதான்.

நம் ஊரில் மம்மட்டி வாங்குகிறவன் ஒருவன், அதைப் பிடித்து வேலை செய்கிறவள் ஒருத்தி. இந்தத் தப்பை எந்த வீட்டில் பார்த்தாலும் பார்க்கலாம். நான் கல்யாணமாகி வந்தபோது இங்கே இருந்த மம்மட்டி உன் தாத்தா தன் உயரத்துக்கு, தன் புஜத்துக்கு வாங்கியது. அவர் வெட்டியது வருஷத்துக்கு நாலு வரப்பு. நித்தமும் வெட்டியது நான். ஓங்கும்போது அது என்னைப் பின்னால் இழுக்கும், இறக்கும்போது முன்னால் இழுக்கும். இடுப்பு விட்டுப் போகிறது என்று சொன்னால் உங்கப்பா, "பழகிடும்" என்பார். பழகத்தான் செய்தது. இன்றைக்குப் படுக்கையில் புரள முடியாமல் கிடக்கிறேனே, அது அந்தப் பழக்கம்தான்.

போனஸ் வந்த ஒரு வருஷம் பிடிவாதமாக ஆம்பூர் பஜாருக்குப் போய் எனக்கென்று ஒன்று வாங்கினேன். உங்கப்பா கூட வந்தார், கடைக்குள் வரவில்லை, எதிரே டீக்கடையில் நின்றுகொண்டார். இரும்புக்கடை பாய் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, அண்ணன் வரலியா?" என்றார். "வந்திருக்காரு, டீ குடிக்கிறாரு. வேலை செய்யறது நான்" என்றேன். "அப்ப லேசா ஒண்ணு தர்றேன்" என்று தகட்டில் அடித்த ஒன்றை எடுத்து நீட்டினார். பெண் என்றால் தகடு. நான் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கடைக்குள்ளேயே ஓங்கிப் பார்த்தேன். பெயிண்ட் வாங்க வந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். "கடை இன்னா கழனியா அண்ணி?" என்றார் பாய். "கழனில போய் ஓங்கிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தா வாங்கிப்பியா?" என்றேன். சிரித்துவிட்டு, "ஓங்குங்க, ஓங்குங்க, பல்பு மட்டும் ஜாக்கிரதை" என்றார். அன்றைக்கு வாங்கிய அந்தச் சின்ன மம்மட்டியும் ஒரு களைக்கொத்தும்தான் இன்றுவரை என் கையில் இருக்கின்றன.

அதனால் நீயும் கடையில் கூச்சப்படாதே. கல்பனாவைக் கூட்டிக்கொண்டு போ. அவள் உன் தோளுக்குக் கீழே நிற்கிறவள், மணிக்கட்டு மெலிந்தது. அவள் எடுத்து ஓங்கட்டும். ஒருமுறை ஓங்கினால் எல்லாமே லேசாகத்தான் இருக்கும். நிறுத்தாமல் கொஞ்ச நேரம் ஓங்கி இறக்கினால் கனம் ஜாஸ்தியா கம்மியா என்று மணிக்கட்டு சொல்லிவிடும். தோள் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது, தோள் சொல்லும்போது காலம் கடந்திருக்கும். மம்மட்டியானாலும் களைக்கொத்தானாலும் காம்புக்கும் வெட்டுகிற இலைக்கும் நடுவே உள்ள சாய்வைப் பார். ரொம்ப உள்ளே மடங்கியிருந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் குனிந்து கும்பிட வேண்டும். இலையை ஒரு கல்லால் தட்டிப் பார். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், மட்டமானது தகரம் மாதிரி சத்தம் போட்டு அடங்கிவிடும். பெயிண்டைப் பார்த்து ஏமாறாதே, விரிசலை மறைக்கத்தான் பாதிப் பேர் பெயிண்ட் அடிக்கிறார்கள். காம்பில் மரத்தின் ரேகை நெடுக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் முதல் கல்லிலேயே ஒடியும். காம்பு ஆடினால் ஆப்பு அடித்து ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு வை, மரம் ஊறி இறுகிக்கொள்ளும்.

போன மாதம் பார்சலில் ஒரு செட் வரவழைத்தாயே, பச்சை ரப்பர் பிடி போட்டு, பொம்மைக் கடை சாமான் மாதிரி. போட்டோ அனுப்பி "எப்டி இருக்கும்மா?" என்று கேட்டாய். பிறந்தநாள் கேக் வெட்டலாம் என்று சொல்ல நினைத்தேன், உன் மனசு நோகும் என்று கட்டைவிரல் படம் போட்டேன். குத்திய முதல் குத்திலேயே அந்தச் செட்டிலிருந்த மண் கரண்டி கழுத்தோடு மடங்கிவிட்டது என்று நீயே சொன்னாய். அதன் மேல் தப்பில்லை. பூந்தொட்டிக்குச் செய்ததை எடுத்துக்கொண்டு உங்கள் சத்துவாச்சாரி மனையில் குத்தினால் அது என்ன செய்யும், பாவம்.

அந்த மண் உனக்குத் தெரியாது. கிரகப்பிரவேசத்தன்று நான் பின்பக்கம் போய்க் காலால் கிளறிப் பார்த்தேன். ரோடு உயரத்துக்கு வர வேண்டும் என்று கிராவல் கொட்டி லாரியை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். அதன் மேல் கொத்தனார்கள் சிமெண்டு கலந்த இடம், டைல்ஸ் உடைசல், கம்பி முறுக்கிய துண்டு. இதை எந்தப் பெண்ணும் மம்மட்டியால் கொத்த முடியாது, கொத்தவும் கூடாது, மோதுகிற மோதல் நேராக முதுகுக்குப் போகும். முதலில் கூலிக்கு ஒரு ஆள் வைத்துக் கடப்பாறையால் நெம்பி உடைசலையெல்லாம் எடுத்து வெளியே போடச் சொல். கடப்பாறை நீ வாங்காதே. அந்த ஆள் கொண்டு வருவான், அந்த வேலை ஒருமுறையோடு முடிந்துவிடும்.

அப்புறம் தண்ணீர் விடு. விட்ட அன்றைக்கே இறங்காதே. மறுநாளோ அதற்கு மறுநாளோ ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்துக் கீழே போடு. உதிர்ந்தால் கொத்தலாம். சப்பென்று ஒட்டிக்கொண்டால் வீட்டுக்குள் போய்விடு, ஈரத்தில் கொத்திய மண் காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். கொத்துவதற்கு மம்மட்டியைவிட நாலு முள் வைத்த நீளக் காம்புச் சாமான் நல்லது. ஃபோர்க் என்று கேட்டால் கொடுப்பார்கள். முள் கம்பி மாதிரி உருண்டையாக இல்லாமல் சதுரமாக, தடிமனாக இருக்க வேண்டும். இது கைவேலை இல்லை, கால்வேலை. மண்ணில் ஊன்றி, மேலே காலை வைத்து அழுத்தி, காம்பைப் பின்னால் சாய்த்தால் மண் பிளந்து விட்டுக்கொடுக்கும். அவ்வளவுதான். எடுத்துவிட்டு ஒரு சாண் தள்ளி ஊன்று. மண்ணைப் புரட்டிப் போடாதே. அதன் பிறகு எருவை மேலே தூவி, செடிக்கு நடுவே கிளறிவிட ஒரு களைக்கொத்து. உட்கார்ந்து செய்யக் கைப்பிடி குட்டையாக ஒன்று போதும். இந்த இரண்டு சாமான் போதும் பாபு. மூன்றாவது வாங்கினால் அது மூலையில் துருப்பிடிக்கும்.

புரட்டாதே என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? நீ காலேஜில் இருந்த வருஷம் நம் கழனிக்கு டிராக்டர் கூப்பிட்டோம். இந்தப் பக்கத்து மண்ணில் மேலே ஒரு சாண்தான் நல்லது, கீழே தோல் பதனிடுகிற ஷாப்புகளின் தண்ணீர் இறங்கி இறங்கி உப்பேறிக் கிடக்கிறது. இது தெரிந்த மனுஷர், தோல் ஷாப்பிலேயே வேலை பார்த்த மனுஷர் உங்கப்பா, டிராக்டர்காரனிடம் "நல்லா ஆழமா போடுப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். வெள்ளை வெளேரென்று அடிமண் மேலே வந்துவிட்டது. அந்தப் போகம் கத்தரி நாற்றெல்லாம் ஓரம் கருகிப் போயிற்று. "யாரு ஆழமா போடச் சொன்னது?" என்று கேட்டேன். "நீதானடி சொன்ன" என்றார். இன்றைக்கும் அதைத்தான் சொல்வார். மறுபடி வண்டல் அடித்து மேலே போட்டு அந்த நிலத்தைத் தேற்றுவதற்குள் எங்கள் நாக்கு தள்ளிவிட்டது. இதை வைத்து உனக்கு வாழ்க்கைப் பாடம் எதுவும் நடத்தப் போவதில்லை. மண் மண்தான்.

இனி இரண்டாவது விஷயம். எழுதுவதற்கு முன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நீ கல்பனாவின் கையில் கொடுத்தாயே, இங்கே நம் வீட்டுப் பின் சுவரில் சாய்த்திருந்த தாத்தா காலத்து மம்மட்டி, அதால்தான் உன் மகளுக்குக் குழி வெட்டினார் உங்கப்பா.

உனக்கு அது தெரியாது. தெரிந்து செய்தாய் என்று நான் நினைக்கவில்லை, கல்பனாவும் நினைக்கவில்லை. கார்த்திகை மழையில் அந்தக் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணைக்கூடத் திறக்காமல் போன அன்றைக்கு, நீ ஆஸ்பத்திரியில் கல்பனாவின் கட்டிலை விட்டு நகரவில்லை. அவளுக்கே உயிர் போய் உயிர் வந்துகொண்டிருந்தது. உன் இடம் அன்றைக்கு அதுதான். "நான் பாத்துக்கறேன், நீ அவளப் பாரு" என்று உன்னிடம் சொல்லிவிட்டு, துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாடகைக் காரில் ஊருக்கு வந்தார் உங்கப்பா. குழி வெட்ட ஆள் வந்து வாசலில் நின்றான். அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். "நம்ம கொழந்தைய நாமதான் வெக்கணும்" என்றார். பின்பக்கம் போய் மம்மட்டியை எடுத்துக்கொண்டு, மார்போடு குழந்தையை அணைத்துக்கொண்டு மழையில் நடந்தார். பெண்கள் போகக் கூடாது என்று நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். திரும்பி வந்து கிணற்றடியில் மம்மட்டியைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. வரப்பு வெட்ட வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வருகிறார். அவர்களும் ஏன் என்று கேட்பதில்லை.

குழி வெட்டிய மம்மட்டியைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்து மறுபடி வேலைக்கு எடுப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். இரும்புக்கு ஏது தீட்டு என்பார்கள். ஆனால் பெற்றவள் கையில் மட்டும் அதைக் கொடுப்பதில்லை. எந்த இடத்தில் வைத்தோம் என்று பெற்றவளுக்குச் சொல்வதும் இல்லை. சொன்னால் கால் அங்கேயே இழுக்கும், அடுத்தது தங்காது என்பார்கள். இதையெல்லாம் யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. பெற்றவளிடம் கேட்டுவிட்டு ஆரம்பித்திருக்க மாட்டார்கள்.

கல்பனா அம்மா இல்லாத பெண். அதனால்தான் உடம்பு தேறும்வரை இங்கே இருந்தாள். ஒருநாள் பின்பக்கம் என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டாள். "அத்தை, அன்னைக்கு யாரு போனாங்க?"

"மாமாதாம்மா."

"குழி யாரு வெட்டினது?"

"அவர்தான். வேற யாரையும் விடல."

"எதால வெட்டினாரு?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. சுவரைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அழவில்லை. கீரையைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா ஆழமா வெட்டினாரா அத்தை? நாய் கீய் வராம?" என்று கேட்டாள். ஆழமாகத்தான் வெட்டினார், மேலே கல் வைத்திருக்கிறார் என்று சொன்னேன். "எந்த எடம்?" என்றாள். அதை மட்டும் நான் சொல்லவில்லை. ஊர்ப் பேச்சு, அடுத்த பிள்ளை என்கிற பயம், எல்லாம் சேர்ந்துகொண்டது. "அவன் கேக்கட்டும்மா. ரெண்டு பேரும் சேந்து போய் பாத்துட்டு வாங்க" என்றேன். "அவர் கேட்டாரா அத்தை?" என்றாள். "கேப்பாம்மா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் தை மாதம் உங்கள் புது வீட்டுக்குப் போனாள். தோட்டம் போடலாம் என்று அவளாகவே சொன்னாள் என்றாய் அல்லவா, அதைக் கேட்டு நானும் உங்கப்பாவும் சந்தோஷப்பட்டோம். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் இங்கே வந்தாய். கை கழுவப் பின்பக்கம் போனவன் மம்மட்டியைப் பார்த்துவிட்டாய். நான் உள்ளே உனக்கு முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தேன். உங்கப்பா, "அது எதுக்குடா, புதுசா ஒண்ணு வாங்கிக்கயேன்" என்றாராம். "சும்மாதானப்பா கெடக்குது, இந்த மாதிரி இரும்பு இப்ப எங்க கெடைக்குது" என்று டிக்கியில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். வண்டி போன பிறகு அவர் உள்ளே வந்து, "எடுத்துனு போய்ட்டான்" என்றார். "சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். "இன்னான்னு சொல்றது?" என்றார். அதுவும் வாஸ்தவம்தான்.

அன்று சாயங்காலமே கல்பனா போன் செய்தாள். "அத்தை, மாமாவோட மம்மட்டி இங்க வந்திருக்கு. என் கையில குடுத்து இதால கொத்துன்றாரு." நான் உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேணாம் அத்தை. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்கமாட்டாரு, பாவம்" என்றாள். நீ அவள் உன்னோடு பேசவில்லை என்கிறாய். அவள் உன்னைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறாள் பாபு. அந்தப் படியில் உட்கார்ந்து அவள் செய்கிற வேலை அதுதான்.

உன்னிடம் சொல்லாதீர்கள் என்கிறாள் அவள். அவளிடம் சொல்லக் கூடாது என்கிறது ஊர். உங்கப்பா எதைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. எல்லோருக்கும் நடுவில் நான் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு யார் யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்று பார்த்துப் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது. கழனி வேலைகூட என்னை இப்படிச் சோர்வாக்கியதில்லை. நேற்று நீ போன் செய்து, குடியாத்தத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டதும், போதும் என்று தோன்றிவிட்டது. அவள் வேண்டாம் என்றதை மீறித்தான் எழுதுகிறேன். என்னைத் திட்டட்டும், பரவாயில்லை.

அவளை எங்கேயும் அனுப்பாதே. அவளிடம் போய் மன்னிப்பு, அழுகை என்று பெரிதாக எதுவும் செய்துவிடாதே, உன்னைத் தேற்றுகிற வேலையும் அவள் தலையில் விழும். எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல். மம்மட்டியை ஒரு கோணியில் சுற்றிக் காரில் வை. பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதே, ரோட்டில் விட்டுவிடாதே, இங்கே கொண்டு வா. அதை என்ன செய்வது என்று உங்கப்பா முடிவு செய்யட்டும். வரும்போது கல்பனாவையும் கூட்டிக்கொண்டு வா. திரும்பும் வழியில் ஆம்பூர் பஜாரில் இறங்கி அவளுக்குப் பிடித்த சாமானை அவளே வாங்கட்டும். சனிக்கிழமையாக மட்டும் பார்த்து வராதே, சனிக்கிழமை இரும்பு வாங்கினார்கள் என்று அவள் அக்கா அதை ஒரு பேச்சாக்குவாள். வாங்கிக்கொண்டு போன பிறகு, அவள் கொத்தும்போது மூச்சு வாங்கினால் "குடு, நான் பண்றேன்" என்று கையிலிருந்து பிடுங்காதே. அது உனக்கு ஒரு பழக்கம், நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு வியர்க்கட்டும். கை காய்த்துப் போகட்டும். சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டுத் தள்ளி நில், போதும்.

இவ்வளவும் எழுதியபிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. மழை பெய்த அந்த நாளிலிருந்து நீ எத்தனையோ முறை இந்த வீட்டுக்கு வந்து போய்விட்டாய். உங்கப்பாவின் பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேட்டாய், மோட்டார் ரிப்பேரைப் பற்றிக் கேட்டாய், எனக்கு முட்டிக்குத் தைலம் வாங்கி வந்தாய். எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் உடைந்துவிடுவோம் என்று உனக்குப் பயம். கேட்டால்தான் சொல்வேன் என்று அவர் இருக்கிறார். நீ கேட்ட பிறகு கூடப் போகலாம் என்று அவள் இருக்கிறாள். ஊர் வழக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், யாராவது கேட்டால் நான்தான் போகச் சொன்னேன் என்று சொல்கிறேன். அடுத்த பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பெற்றவள் போய்ப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது.

கல்பனாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கப்பாவிடம் கேள். சுற்றி வளைக்காதே, வேறு எதுவும் பேசாதே. "கொழந்தைய எங்கப்பா வெச்ச?" என்று மட்டும் கேள். அவர் பதில் சொல்ல மாட்டார். எழுந்து செருப்பைப் போட்டுக்கொள்வார்.